விமானம் இப்போது யார் கையில்?

(தொண்டூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ள ஊரில் வரலாறு பேசுவதுதான் முறை. அதற்குத் தகுதியானவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள். விமானத்தின் வாலில் கைவைத்து வேலை பார்த்தவர்கள் குறைவு. பராமரிப்புப் பொறியாளனாகக் காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன். செஞ்சிப் பக்கத்திலிருந்து துபாய்க்கும் குவைத்துக்கும் போய்வருகிற பிள்ளைகளின் பெற்றோர் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஆகவே ஒரு துபாய் விமானத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். அது பலருக்கும் நினைவிருக்கும். நான்கே நாள் கழித்து, மே 26 அன்று, அதே நிறுவனத்தின் இன்னொரு போயிங் 737 துபாயிலிருந்து புனே நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அது யாருக்கும் நினைவில்லை, ஏனென்றால் அதில் யாரும் சாகவில்லை.

உயரம் 37,000 அடி. ஆட்டோ பைலட் ஓட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் கழிப்பறைக்குப் போக எழுந்து வெளியே வந்தார். காக்பிட்டில் 25 வயதுத் துணை விமானி மட்டும். அவர் தம் இருக்கையை முன்னால் நகர்த்தியிருக்கிறார். அந்த முயற்சியில் கட்டுப்பாட்டுத் தண்டும் முன்னால் தள்ளப்பட்டிருக்க வேண்டும் என்றது விசாரணை அறிக்கை. மூக்கு 26 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்தது. வேகம் ஏறியது, எச்சரிக்கை ஒலிகள் கிளம்பின. வெளியிலிருந்து கேப்டன் கதவைத் திறக்கச் சொல்கிறார். உள்ளே இருந்த பையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் அவசரக் குறியீட்டெண்ணைப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டு கேப்டன் உள்ளே பாய்ந்தார். விமானம் நிமிர்வதற்குள் ஏறத்தாழ 7,000 அடி போய்விட்டது. நம் செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உயரத்தை அடுக்கிப் பாருங்கள், எத்தனை கோட்டை வரும் என்று. பயணிகளுக்கு என்ன சொன்னார்களாம்? விமானம் காற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று. காற்றின் மேல் பழிபோட்டால் அது திரும்பி வந்து மறுக்காது.

இருக்கையை நகர்த்தும்போது தண்டில் இடித்தால் ஆட்டோ பைலட் என்ன செய்துகொண்டிருந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். உயரத்தைப் பிடித்து வைக்கத்தானே அது இருக்கிறது? 737-இல் ஒரு ஏற்பாடு உண்டு. ஆட்டோ பைலட் ஓடும்போது விமானி தண்டைப் பலமாகத் தள்ளினால் அது முரண்டு பிடிக்காது, முழுதாக விலகவும் செய்யாது. "சரி, நீங்கள் வேறெதையோ விரும்புகிறீர்கள் போலிருக்கிறது" என்பதுபோல இன்னொரு முறைக்கு மாறிக்கொள்ளும். அதன்பின் விமானி மூக்கை எந்தச் சாய்வில் விடுகிறாரோ அந்தச் சாய்வையே அது கர்ம சிரத்தையாகக் காப்பாற்றும். 37,000 அடி என்ற கணக்கு அதன் கையை விட்டுப் போய்விடும். இவ்வளவுக்கும் காக்பிட்டில் தெரிகிற அடையாளம், திரையின் மேல்பக்கம் மஞ்சள் நிறத்தில் வரும் சில எழுத்துகள்.

அங்கே இயந்திரம் பழுதாகவில்லை. எதற்காகச் செய்தார்களோ அதையே செய்தது. இன்று நான் சொல்லப் போகும் எல்லா நிகழ்ச்சிகளிலும் ஓட்டுகிறவன் ஒன்று நினைத்துக்கொண்டிருப்பான், விமானம் இன்னொன்று செய்துகொண்டிருக்கும்.

இப்போது ட்ரிம் பற்றி. இது புரியாவிட்டால் மற்றது புரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் பாரவண்டி ஓட்டிய பெரியவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. மூட்டைகளை முன்னால் ஏற்றினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் ஏற்றினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும். நல்ல வண்டிக்காரன் ஒரு மூட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கழுத்தில் சுமையே இல்லாதபடி வைப்பான். விமானத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. வேகம் மாறினால், எரிபொருள் குறைந்தால், இறக்கைப் பின்மடிப்புகளை நீட்டினால், மூக்கு ஏறப் பார்க்கும் அல்லது இறங்கப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் விமானி தண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்தில் கை விட்டுப்போகும். அதற்குத்தான் ட்ரிம்.

பெரிய விமானத்தின் வாலில் படுக்கையாக ஒரு பலகை இருக்கும், அது ஸ்டெபிலைசர். அதன் பின்விளிம்பில் தொங்கும் சிறு பலகை எலிவேட்டர். விமானி தண்டை இழுத்தால் அசைவது எலிவேட்டர். ட்ரிம் செய்தால் நகர்வது அந்தப் பெரிய ஸ்டெபிலைசரே. அது மெதுவாக நகரும். ஆனால் அதன் பலம் எலிவேட்டரைவிட மிகப் பெரிது. ஸ்டெபிலைசர் ஒரு கோடிக்குப் போய்விட்டால் எலிவேட்டரை முழுமூச்சாக எதிர்ப்பக்கம் பிடித்தாலும் ஈடுகட்ட முடியாது. வால்பகுதியில் வேலை செய்பவர்களுக்கு இது கண்ணால் பார்க்கும் உண்மை: ஒன்று கதவளவு, மற்றொன்று வீட்டுச் சுவரளவு.

ஆட்டோ பைலட் ஓட்டும்போது ட்ரிம்மும் அதன் பொறுப்புக்குப் போய்விடுகிறது. எலிவேட்டரைக் கொஞ்ச நேரம் ஒரே பக்கமாகப் பிடிக்க வேண்டியிருந்தால், ஸ்டெபிலைசரை நகர்த்திச் சுமையைத் தீர்த்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில விமானங்களில் ஆட்டோ பைலட் இயங்கும்போதே விமானி தண்டைத் தள்ளினால், அது அந்தத் தள்ளலை மனிதனின் விருப்பமாகப் பார்க்காமல், ஈடுகட்ட வேண்டிய ஏதோ ஒரு விசையாக எடுத்துக்கொள்ளலாம். அவன் கீழே தள்ளத் தள்ள, அது ட்ரிம்மை மேலே சுற்றும். சிறிய விமானங்களுக்கான கையேடுகளில்கூட, ஆட்டோ பைலட்டோடு மல்லுக்கட்டாதே, முதலில் அதை நிறுத்து என்று எச்சரிக்கை எழுதியிருப்பது இதனால்தான்.

மல்லுக்கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் நகோயாவைச் சொல்ல வேண்டும். 1994 ஏப்ரல் 26 இரவு. தைப்பேயிலிருந்து வந்த சைனா ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ300-600. துணை விமானி தரையிறக்கிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில், தரையிறங்குவதைக் கைவிட்டு மேலேறச் சொல்லும் நெம்புகோலில் அவர் கை தவறிப் பட்டுவிட்டது. விமானம் அதை உத்தரவாக ஏற்றது. இன்ஜின் விசை கூடியது. கேப்டன் உடனே கவனித்து அதை எடுத்துவிடச் சொன்னார். எடுபடவில்லை. சில நொடிகளில் ஆட்டோ பைலட்டையும் இயக்கினார்கள். அதுவோ "மேலேறு" என்ற முறையில் இருக்கிறது. துணை விமானி ஓடுபாதையைப் பார்த்தபடி தண்டை முன்னால் தள்ளுகிறார். அவர் தள்ளத் தள்ள ஆட்டோ பைலட் ஸ்டெபிலைசரை மூக்கு மேலேறும் பக்கமாகச் சுற்றுகிறது. அரை நிமிடம் போல இது நடந்தது, ஸ்டெபிலைசர் 5.3 டிகிரியிலிருந்து 12.3 டிகிரிக்குப் போய்விட்டது. கிட்டத்தட்ட அதன் எல்லை.

அந்த அரை நிமிடமும் விமானம் பார்வைக்கு ஓரளவு ஒழுங்காகவே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய விசைகள் எதிரெதிராக இழுக்கும்போது நடுவில் இருப்பது அசையாமல் நிற்குமல்லவா? கேப்டன் தண்டைத் தன் கைக்கு வாங்கினார்; அதன் விறைப்பைப் பார்த்து அதிர்ந்தார். விமானம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவென்று இன்ஜின் விசையைத் தானே முழுதாக்கியது. இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலேறலாம் என்று அவரும் முடிவு செய்தார். அவ்வளவுதான், மூக்கு 50 டிகிரிக்கு மேல் செங்குத்தாக எழுந்தது. வேகம் கரைந்தது. வால் கீழாக விழுந்தது. இருந்த 271 பேரில் 264 பேர் மாண்டார்கள்.

இதில் என் தொழிலைச் சேர்ந்த ஒரு பகுதி உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 1991 பிப்ரவரியில் மாஸ்கோவில் இன்டர்ஃப்ளூக் நிறுவனத்தின் ஏ310 விமானம் இதே கூத்தில் மாட்டி, வானத்தில் ஏறி விழுந்து ஏறி விழுந்து, எப்படியோ தப்பியது. அதனால் 1993-இல் ஏர்பஸ் ஒரு மாற்றத்தைச் சொன்னது: மேலேறும் முறையிலும் விமானி தண்டைக் குறிப்பிட்ட விசைக்கு மேல் தள்ளினால் ஆட்டோ பைலட் விலகிக்கொள்ளும்படி அதன் கணினியை மாற்றுவது. பரிந்துரைதான், கட்டாயம் என்று சொல்லவில்லை. கணினி பழுதுபார்ப்புக்கு வரும்போது செய்துகொள்ளலாம் என்று சைனா ஏர்லைன்ஸ் வைத்திருந்தது. நகோயா விமானத்தில் அது செய்யப்படவில்லை. "பரிந்துரை" என்று முத்திரை குத்தி வரும் காகிதங்கள் ஒவ்வொரு பராமரிப்புக் கூடத்திலும் கட்டுக்கட்டாக இருக்கும். எதை நாளைக்குத் தள்ளலாம் என்பதுதான் அங்கே தினசரிக் கணக்கு. நகோயாவைப் படித்த எவனும் அந்தக் கட்டை முன்போல் புரட்ட மாட்டான்.

அதே சைனா ஏர்லைன்ஸுக்கு 1985 பிப்ரவரி 19 அன்று நேர்ந்தது வேறு வகை. சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் பசிபிக் மேல் 41,000 அடியில் பறந்த போயிங் 747. வலது ஓரத்து இன்ஜின் நின்றது. அந்தப் பக்கம் இழுவை. மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்த்தது. மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டரை இடக்காலால் அழுத்தி, ரட்டர் ட்ரிம்மையும் வைத்திருந்தால் சிக்கலில்லை. கேப்டன் அதைச் செய்யாமல் ஆட்டோ பைலட்டை நம்பி, குறையும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரட்டர் அதன் வசம் இல்லை. ஆகவே இறக்கைப் பலகைகளை மட்டும் வைத்து, தன்னால் ஆன மட்டும் சாய்வைத் தாங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்ட அவர் ஆட்டோ பைலட்டை எடுத்த கணம் விமானம் புரண்டது. இரண்டரை நிமிடத்தில் முப்பதாயிரம் அடி. மேகத்தை விட்டு வெளியே வந்து அடிவானம் கண்ணில் பட்டபின், 9,500 அடியில் நிமிர்த்தினார். வாலின் துண்டுகள் பிய்ந்துபோன நிலையில் சான் பிரான்சிஸ்கோவில் தரையிறங்கியது. இருவருக்குப் பலத்த காயம். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். இதோ இந்தச் சாலையில் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் போனால் பெங்களூர். 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து அங்கே போன இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320, பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்துக்குச் சற்று முன்பிருந்த கோல்ஃப் மைதானத்தில் இறங்கிவிட்டது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். ட்ரிம் அதில் குற்றவாளியில்லை. தானியங்கியின் வேறொரு முகம் அது. இறங்கும் வேகத்தைக் குறிக்கும் குமிழைத் திருப்புவதற்குப் பதில் பக்கத்திலிருந்த உயரக் குமிழைத் திருப்பியிருக்கலாம் என்பது நீதிபதி சிவசங்கர பட் தலைமையிலான விசாரணையின் ஊகம். எப்படி நடந்ததோ, இன்ஜின்கள் சும்மா சுற்றும் நிலையில் நிற்க, வேகம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. விசையைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும் என்று இருவரும் இருந்தார்கள். அந்த விமானம் இந்தியாவுக்கு வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அரசு எல்லா ஏ320 விமானங்களையும் தரையில் நிறுத்தியது. விமானத்தின் மேல் தவறா, விமானியின் மேல் தவறா என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் சண்டை போட்டன. அந்தச் சண்டையில் எனக்கு எப்போதும் ஈடுபாடில்லை. குமிழ்களை அப்படி அருகருகே வைத்தவனையும், திருப்பியபின் திரையைப் பார்க்காதவனையும் ஒரே கூண்டில் ஏற்ற வேண்டும்.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகு 2018 வருகிறது. அக்டோபர் 29 காலை ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானத்தின் கேப்டன் பவ்யே சுனேஜா, டெல்லிக்காரர், வயது 31. விமானம் போயிங் 737 மேக்ஸ். மேக்ஸில் இன்ஜின் பெரிது, அதை முன்னால் தள்ளி மாட்டியிருந்தார்கள். சில நிலைகளில் மூக்கு வழக்கத்தைவிட எளிதாக மேலே எழும். அதைச் சரிக்கட்ட 'எம்-காஸ்' என்ற மென்பொருளை எழுதினார்கள். மூக்கு மிகையாக எழுந்துவிட்டது என்று ஓர் உணரி சொன்னால், அந்த மென்பொருள் விமானியைக் கேட்காமல் ஸ்டெபிலைசரைச் சுற்றி மூக்கைத் தாழ்த்தும். உணரிகள் இரண்டு இருந்தும் ஒன்றை மட்டுமே அது கேட்கும்படி அமைத்தார்கள். விமானிகளின் கையேட்டில் அப்போது அதைப் பற்றிய விளக்கமே இருக்கவில்லை.

லயன் ஏர் விமானத்தில் இடப்பக்க உணரி சுமார் 21 டிகிரி தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. எம்-காஸ் மூக்கைத் தாழ்த்தியது. சுனேஜா கட்டைவிரல் விசையால் ட்ரிம்மை மேலே கொண்டுவந்தார். ஐந்து நொடி அமைதி, மீண்டும் தாழ்த்தியது. மீண்டும் ஏற்றினார். இருபது தடவைக்கு மேல் இந்த இழுபறி. கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்தார். அவர் அதே அளவு அழுத்திப் பிடிக்கவில்லை. ஜாவா கடலில் 189 பேர். அடுத்த ஆண்டு மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் அதே மென்பொருள், 157 பேர். நான்கு இந்தியர்கள் அதில் இருந்தார்கள். அங்கே விமானிகள் ட்ரிம் மின்சாரத்தைத் துண்டித்தார்கள், போயிங் சொன்னபடியே. ஆனால் வேகம் மிக அதிகம்; ஸ்டெபிலைசர் மேல் விழும் காற்றழுத்தத்தில் ட்ரிம்மை நகர்த்தும் கைச்சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. வேறு வழியில்லாமல் மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். எம்-காஸ் திரும்ப வந்தது. இரண்டு நாளில் இந்தியாவிலும் மேக்ஸ் விமானங்கள் பறக்கத் தடை வந்தது. 2021 ஆகஸ்டில்தான் தடை நீங்கியது.

நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழைய 737-களில் ட்ரிம் மூக்கைத் தாழ்த்தும்போது விமானி தண்டைப் பின்னால் இழுத்தால், தண்டின் அடியிலுள்ள ஒரு விசை ட்ரிம் மோட்டாரை நிறுத்திவிடும். தலைமுறைகளாக விமானிகளின் கைகளில் ஊறிய பழக்கம் அது. எம்-காஸ் வேலை செய்ய வேண்டுமென்பதற்காக மேக்ஸில் அதைச் செல்லாமல் ஆக்கினார்கள். நகோயாவில் 264 பேர் இறந்தபின் உலகம் கேட்டது என்ன? மனிதன் கையால் எதிர்த்தால் இயந்திரம் ஒதுங்க வேண்டும் என்பது. கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு நிறுவனம் அந்த ஒதுங்குதலைப் பிடுங்கி எறிந்தது, அதையும் ஓட்டுகிறவனுக்குச் சொல்லாமல். இதைத் தவறு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, துணிச்சல் என்பேன்.

ஆனால் எந்தத் தொடுதலுக்கும் இயந்திரம் ஒதுங்கிவிட வேண்டும் என்று நான் சொன்னால், புனே விமானத்தின் துணை விமானி எழுந்து நின்று கேள்வி கேட்பார். அங்கே அது மிக எளிதாக விட்டுக்கொடுத்துவிட்டது. ஒதுங்குவதா, நிற்பதா என்பதற்கு ஒரே விடை கிடையாது. எத்தனை விசைக்கு ஒதுங்குவது என்பதை விமானத்துக்கு விமானம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். எதைச் செய்தாலும் உரக்கச் செய்ய வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. 737-இன் காக்பிட்டில் விசைக்கோல்களுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்ட பெரிய கறுப்புச் சக்கரங்கள் இருக்கின்றன. ட்ரிம் நகரும்போதெல்லாம் கடகடவென்று சுற்றும். முழங்காலை வைத்தால் சிராய்க்கும். பழங்காலத்துச் சாமான் என்று கேலி செய்பவர்கள் உண்டு. நான் அந்தச் சத்தத்தின் கட்சி. 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் ஏ330-இல், விமானம் காற்றின் பிடியை இழந்துகொண்டிருந்தபோது ஸ்டெபிலைசர் தானாக 3 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்குப் போனது. 228 பேரைச் சுமந்த விமானத்தில் அது போகிற சத்தம் யார் காதிலும் விழவில்லை.

பயிற்சியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2013 ஜனவரியில் அமெரிக்க விமானத்துறை, வாய்ப்புள்ளபோது விமானிகளைக் கையால் ஓட்ட விடுங்கள் என்று நிறுவனங்களுக்கு எழுதியது. அடுத்த ஆண்டு உலக விமானப் போக்குவரத்து அமைப்பு, கட்டுப்பாடு இழக்கும் நிலையைத் தவிர்க்கவும் மீளவும் பயிற்சிக் கையேடு வெளியிட்டது. இரண்டும் நல்லவை, இரண்டும் தாமதம். விமானி ஆக விரும்பும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் இருந்தால், பயிற்சிப் பள்ளியில் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: ஆட்டோ பைலட்டும் தானியங்கி ட்ரிம்மும் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்ட விடுவீர்கள் என்று. கட்டணத்தைக் கேட்கும் முன் அதைக் கேளுங்கள்.

லயன் ஏர் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அதே விமானம் அதற்கு முந்தின இரவு, அக்டோபர் 28 அன்று, பாலியிலிருந்து ஜகார்த்தா வந்தது. உணரியை அன்றுதான் பாலியில் மாற்றியிருந்தார்கள். கிளம்பியதும் அதே தொல்லை. காக்பிட்டின் கூடுதல் இருக்கையில் இன்னொரு விமானி அமர்ந்திருந்தார். ஓட்டுகிறவர்களுக்கு இல்லாத நிதானம் சும்மா இருப்பவருக்கு இருக்கும், மூவருமாகச் சமாளித்தார்கள். ட்ரிம் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, கைச்சக்கரத்தால் ட்ரிம் செய்து, பத்திரமாக ஜகார்த்தாவில் இறக்கினார்கள். இறங்கியபின் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதினார்கள்: வேகமும் உயரமும் இரண்டு பக்கமும் முரண்படுகின்றன, ஒரு விளக்கு எரிகிறது என்று. வழி நெடுகத் தண்டு அதிர்ந்துகொண்டே இருந்ததை எழுதவில்லை. ட்ரிம் மின்சாரத்தைத் துண்டித்ததையும் எழுதவில்லை. இரவுப்பணிப் பொறியாளர்கள் எழுதியிருந்ததற்கு மருந்து போட்டார்கள்; காற்றழுத்தக் குழாய்களைச் சுத்தம் செய்தார்கள், இணைப்பைத் துடைத்தார்கள், தரையில் சோதித்தார்கள், சரியாக இருந்தது. காலை 6.20-க்கு அந்த விமானம் சுனேஜாவின் கைக்குப் போனது.

மாணவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் அவைத் தலைவரிடம் இருக்கின்றன. இனி அவற்றை எடுத்துக்கொள்கிறேன்.